கூட்டம் எடுத்த ஆளை நாமும் எடுக்கலாமா? ஃபேன்டஸி கோல்ஃப் கேள்வி-பதில்

நிஜப் போட்டியில் ஆடும் வீரர்களை வைத்து ஒரு கற்பனை டீம் எடுத்து, அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி சேர்ப்பதுதான் ஃபேன்டஸி கோல்ஃப். பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்கள் எல்லாமே டிராஃப்ட்கிங்ஸ் என்ற அமெரிக்கத் தளத்தின் முறைக் கணக்குப்படி: 6 வீரர்கள், 50,000 பட்ஜெட் (கற்பனைக் காசு), ஈகிளுக்கு 8, பேர்டிக்கு 3, பாருக்கு அரை, போகிக்கு மைனஸ் அரை. ஒரு குழிக்கு நிர்ணயித்த அடிகளில் முடித்தால் பார், ஓர் அடி குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. போட்டி முடிவில் வீரர் பிடிக்கும் இடத்துக்குத் தனிப் புள்ளி, முதலிடத்துக்கு 30.

இதைக் காசு கட்டி ஆடலாமா? (டொம்லூர்)

கூடாது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கே இடம் வைக்காமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை முழுக்கத் தடை செய்துவிட்டது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விபிஎன் போட்டு வெளிநாட்டுத் தளத்துக்குப் போகும் யோசனையும் வேண்டாம். நண்பர்களோடு ஒரு கூகுள் ஷீட் போதும். டீமை மட்டும் கூகுள் ஃபார்மில் வாங்குங்கள். ஷீட்டில் நேரடியாக எழுதச் சொன்னால், கடைசியாக எழுதுபவர் எல்லோருடைய டீமையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

ஒரு வீரரை 30 சதவீதம் பேர் எடுத்திருக்கிறார்கள் என்றால் அவரைத் தவிர்ப்பதுதானே புத்திசாலித்தனம்? (இந்திராநகர்)

அந்த 30-ஐ மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு டீமிலும் 6 பேர் என்பதால் எல்லா வீரர்களின் தேர்வு சதவீதத்தையும் கூட்டினால் 600 வரும். களத்தில் 150 பேர் இருந்தால் சராசரி 4 சதவீதம். அதாவது 10 சதவீதம் என்பதே சராசரியைப் போல இரண்டரை மடங்கு. 30 என்றால் கூட்டம் அவர்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஆனால் அவர் அதற்குத் தகுதியானவரா என்பதுதான் கேள்வி.

ஒரே விலையில் இரண்டு பேரை வைத்துப் பாருங்கள். முதலாமவரை 30 சதவீதம் பேர் எடுத்திருக்கிறார்கள். முதல் ஐந்து இடத்துக்குள் வர அவருக்கு 12 சதவீத வாய்ப்பு. இரண்டாமவரை எடுத்தவர்கள் 8 சதவீதம், வாய்ப்பு 10. ஆயிரக்கணக்கான டீம்கள் மோதும் போட்டியில் இரண்டாமவரைத்தான் எடுக்க வேண்டும். வாய்ப்பில் இழப்பது கொஞ்சம். முதலாமவர் கட் (முதல் இரண்டு நாள் முடிவில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் கோடு) தவறினால் பத்தில் மூன்று டீம் ஒரே நேரத்தில் காலி. அதே முதலாமவருக்கு 22 சதவீத வாய்ப்பும் இரண்டாமவருக்கு வெறும் 5-ம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்தோடு போங்கள். வித்தியாசமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே மோசமான ஆளை எடுப்பவர்கள்தான் பட்டியலின் அடியில் கிடப்பவர்கள்.

டீம் முழுவதும் தனித்துவமாக இருக்கவும் தேவையில்லை. ஆறு பேரில் நான்கு பேர் எல்லோரும் எடுத்தவர்களாக இருந்தாலும், 5 சதவீதத்துக்குக் கீழே உள்ள இரண்டு பேர் சேர்ந்தால் டீம் தனியாகிவிடும்.

எங்கள் ஆபீஸ் குழுவில் 11 பேர்தான். இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கும் உண்டா? (மாரத்தஹள்ளி)

பெரும்பாலும் இல்லை. 11 பேரில் முதலிடம் வர நல்ல டீம் போதும். அமெரிக்கத் தளங்கள் சொல்லும் சதவீதத்தை விட்டுவிட்டு, உங்கள் குழுவின் பழக்கத்தைப் பாருங்கள். யார் எப்போதும் நட்சத்திர வீரர் மக்கில்ராயை எடுப்பார், யார் விலை குறைந்தவர்களையே தேடுவார் என்பது நான்கு வாரத்தில் தெரிந்துவிடும். சீசன் புள்ளியில் முன்னிலையில் இருந்தால் பின்னால் வருபவர் எடுக்கக்கூடிய ஆட்களையே நீங்களும் எடுத்து அவரை முடக்குங்கள். பின்தங்கியிருந்தால் அதற்கு நேர் எதிர்.

இந்தியன் ஓப்பன் வாரத்தில் எங்கள் குழுவில் எல்லோரும் இந்திய வீரர்களையே எடுக்கிறார்கள். நானும் எடுக்கவா? (அல்சூர்)

ஒருவர் போதும், அதுவும் ஆட்டத்தைப் பார்த்து. அனிர்பன் லாஹிரி 2015-ல் வென்ற இந்தியன் ஓப்பன் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்தது. அது புதர்கள் நெருக்கும் குறுகலான மைதானம். அதை வைத்து, குருகிராமில் கேரி பிளேயர் வடிவமைத்த டிஎல்எஃப் மைதானத்தில் நடக்கும் போட்டிக்கு ஆள் எடுப்பது பொருந்தாது. இரண்டும் வேறு வேறு சோதனை. 2025 அக்டோபரில் டெல்லி கிளப்பில் நடந்த டிபி வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப்பில் வென்றவர் டாமி ஃப்ளீட்வுட்; தூரத்தைவிட நேராக அடிப்பதில் பேர் வாங்கியவர். அங்கே நீளமாக அடிப்பவருக்கு விலை கொடுப்பது வீண்.

போன வாரம் 3-வது இடம் வந்தவரை இந்த வாரம் எல்லோரும் எடுக்கிறார்கள். சரியா? (வைட்ஃபீல்ட்)

எதனால் 3-வது வந்தார் என்று பாருங்கள். தேர்வு சதவீதம் ஏமாற்றும் இடங்களில் முதலிடம் இதற்குத்தான். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் தளத்தில் ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் எண்கள் (மற்றவர்களைவிட எத்தனை அடி சேமித்தார் என்ற கணக்கு) நான்காகப் பிரிந்து கிடைக்கும்: டீ ஷாட் (தொடக்க அடி), அப்ரோச் (குழி இருக்கும் கிரீனை நோக்கி அடிப்பது), கிரீனைச் சுற்றி, பட்டிங் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவது). கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி கணக்கிட்டபடி, சிறந்த வீரர்கள் மற்றவர்களைவிடச் சேமிக்கும் அடிகளில் சுமார் 40 சதவீதம் அப்ரோச்சில் வருகிறது. பட்டிங்கில் சுமார் 15 மட்டுமே. ஆனால் ஒரே ஒரு வாரத்தை எடுத்தால் பட்டிங்தான் ஆளைத் தூக்கிவிடும், அடுத்த வாரமே கைவிட்டும் விடும்.

ஆகவே பட்டிங்கில் +6, அப்ரோச்சில் பூஜ்யம் என்று 3-வது இடம் வந்தவரை விட்டுவிடுங்கள். அப்ரோச்சில் +4, பட்டிங்கில் −3 என்று 40-வது இடத்தில் முடித்தவரைத் தேடுங்கள். அவரை யாரும் சீண்டமாட்டார்கள், விலையும் ஏறியிருக்காது. ஒரு வாரத்தை மட்டும் பார்க்காமல் கடைசி 20–24 ரவுண்டுகளின் அப்ரோச் சராசரியையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஷெஃப்லரை எடுத்தால் மற்ற ஐந்து பேருக்குக் காசு போதவில்லை. (எலெக்ட்ரானிக் சிட்டி)

அவர் விலை 13,000 என்றால் மீதி 37,000, தலைக்கு 7,400. அவர் இல்லாமல் தலைக்கு 8,333. ஆக நீங்கள் ஒப்பிட வேண்டியது ஷெஃப்லரையும் இன்னொரு நட்சத்திரத்தையும் அல்ல. ஒரு பக்கம் ஷெஃப்லரும் 7,000 விலை ஆள் இருவரும், மறுபக்கம் 9,000 விலை ஆள் மூவர்; இரண்டுக்கும் ஆவது 27,000.

கட் இல்லாத சிக்னேச்சர் போட்டிகளில் (பரிசு பெரிது, களம் சிறிது) ஷெஃப்லர் டீம் கூடுதல் பலம்: மலிவான ஆள் மோசமாக ஆடினாலும் நான்கு நாளும் பேர்டி சேர்ப்பார். கட் உள்ள போட்டியில் அதே மலிவான ஆள் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆறு பேரும் கட் தாண்டுவது ஏன் இவ்வளவு அரிது? (ஜெயநகர்)

பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு இருந்தாலும் ஆறு பேரும் தாண்டும் வாய்ப்பு 12 சதவீதத்துக்குள்தான். 80 என்றால் 26. 60 என்றால் 5-க்கும் கீழே. வழக்கமான பிஜிஏ டூர் போட்டியில் முதல் 65 பேரும் சமநிலையில் உள்ளவர்களும் தாண்டுவார்கள். பெரிய போட்டிகளில் எண் வேறு: மாஸ்டர்ஸில் 50, யுஎஸ் ஓப்பனில் 60, பிரிட்டிஷ் ஓப்பனில் 70. மாஸ்டர்ஸ் களம் சிறியது, வயதான முன்னாள் சாம்பியன்களும் ஆடுவார்கள். அதனால் 50 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பட்ஜெட்டில் 600 மிச்சம் வைக்கலாமா?

தாராளமாக. பெரிய போட்டியில் 50,000-ஐயும் துடைத்துச் செலவழித்தால் உங்கள் டீமே இன்னும் பலரிடம் இருக்கும். தலா 20 சதவீதம் பேர் எடுத்த ஆறு வீரர்களைச் சேர்த்தால், ஒரு லட்சம் டீமில் குறைந்தது ஆறு ஏழு நகல் எதிர்பார்க்கலாம். சின்னக் குழுவில் மிச்சம் வைப்பதால் ஒரு லாபமும் இல்லை.

டீ டைமுக்கும் (வீரர் ஆட்டத்தைத் தொடங்கும் நேரம்) தேர்வுக்கும் என்ன சம்பந்தம்? டீமை எப்போது இறுதி செய்வது? (கோரமங்களா)

வியாழன் காலை ஆடுபவர் வெள்ளி மதியம் ஆடுவார், மற்றவர்களுக்கு நேர்மாறு. ஒரு பக்கத்துக்கு மட்டும் பலத்த காற்று கிடைத்தால் இரண்டு நாளில் இரண்டு அடி வித்தியாசம்கூட வரலாம். கட் கோட்டில் அது பெரிய இடைவெளி. பலர் டீ டைம் வெளியாகும் முன்பே ஆட்களை முடிவு செய்துவிடுவதால், தேர்வு சதவீதத்தில் காற்று முழுதாகப் பிரதிபலிப்பதில்லை. முன்னறிவிப்பு தெளிவாக ஒரு பக்கத்துக்குச் சாதகமாக இருந்தால் ஐந்து பேரை அந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள். காற்று 5 கிலோமீட்டர் கூடக் குறைய இருப்பதற்கெல்லாம் டீமைக் கலைக்காதீர்கள்.

நேரம் நமக்குச் சாதகம். கோடையில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 7 மணி என்றால் இங்கே மாலை 4:30. மேற்குக் கரையில் இரவு 7:30. குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். பிரிட்டிஷ் ஓப்பன் அங்கே காலை 6:35-க்குத் தொடங்குவதால் நம் 11:05-க்குள் முடிக்க வேண்டும். அமெரிக்கப் போட்டிகளுக்கு வியாழன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை, முதல் டீ டைமுக்கு அரை மணி முன்பு ஒரு முறை, விலகியவர்கள் பட்டியலையும் காற்றையும் பாருங்கள். பூட்டிய பிறகு ஆள் மாற்ற முடியாது. முதுகுவலி, மணிக்கட்டு வலி என்று செய்தி வந்தவருக்கு அதே விலையில் ஒரு மாற்று ஆளை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணியில் தேடினால் பதற்றத்தில் கைக்கு வருவது கூட்டம் எடுத்த ஆளாகத்தான் இருக்கும்.