கை என்னுடையதுதானா? மனநல ஆலோசகரிடம் கேட்டவை

செல்லூர், பூ வியாபாரி: மேடம், மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கிக் கட்டி விற்கிறேன். கை பாட்டுக்குக் கட்டுகிறது, ஆனால் என் கை மாதிரியே இல்லை. யாரோ கட்டுவதைத் தள்ளி நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. பைத்தியம் பிடிக்கப் போகிறதா?

இல்லைம்மா. 'மாதிரி' என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறீர்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. மனச்சிதைவு வந்தவர்களில் சிலர், தங்கள் கையை வேறு ஒருவர் ஆட்டுவிப்பதாக உறுதியாகவே நம்புவார்கள். உங்களுக்கோ அது உங்கள் கைதான் என்று தெரிகிறது, உணர்வுதான் ஒட்டவில்லை. மருத்துவத்தில் இதை டிபெர்சனலைசேஷன் என்பார்கள். தூக்கக் குறைவு, பதற்றம், பெரிய துக்கம் என எதிலும் வரலாம். நிறையப் பேருக்கு எப்போதாவது வந்துபோகும். நோயாகவே தங்கிவிடுவது நூற்றில் ஒருவர், இருவருக்குத்தான். ஆமாம், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? அதை எழுதவே இல்லையே.

கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்: அழகர் ஆற்றில் இறங்கியபோது அத்தனை கூட்டமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல் இருந்தது. அதற்கு முன்னால் ஒருமுறை கஞ்சா அடித்திருக்கிறேன். தினமும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துச் சோதிக்கிறேன்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி தம்பி. கஞ்சா இதைக் கிளப்பிவிடும், இனி தொடாதீர்கள். அதைவிட முக்கியம், அந்தச் சோதனையை நிறுத்துவது. பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவிக்கொண்டே இருக்குமே, அப்படித்தான் இதுவும். துழாவத் துழாவ அது மட்டுமே பெரிதாகத் தெரியும். உணர்வு வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு, கையில் இருக்கிற வேலையைப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் கை வைப்பது, சுற்றிலும் கேட்கும் சத்தங்களை எண்ணுவது சிலருக்கு உதவும்.

மேலூர், அண்ணன்: தம்பிக்கு இப்படி இருக்கிறது. கோடாங்கி பார்க்கலாமா?

சாமி கும்பிடுங்கள், தடுக்க மாட்டேன். அடிப்பது, பட்டினி போடுவது மட்டும் கூடாது. நினைவு தப்புகிறது, கண் சொருகுகிறது என்றால் அது வலிப்பாக இருக்கலாம். உடனே நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.

திருமங்கலம் வாசகர்: மாத்திரை உண்டா?

இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் அதற்குத் தருவார்கள். பேச்சு சிகிச்சைதான் பிரதானம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட்டால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மறுபடியும் செல்லூர்: நாலு மணி நேரம்தான் மேடம். ரெண்டு மணிக்கே மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

சரி. மத்தியானம் ஒன்றரை மணி நேரம் கடையை யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா?