கேள்வி பதில்: கண்ணாடிக்கு மேல் தொங்கும் படம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அமெரிக்காவைப் பற்றியவை. மாம்பழ சீசனில் சேலத்துக்காரர்களுக்கு இந்த ஞானம் எப்படிப் பிறந்தது என்று தெரியவில்லை. கேட்டவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒபாமா அதிபரானபோது கறுப்பின மக்கள் ஒரே மனதாகக் கொண்டாடினார்களா? பிறகு அவர்களே ஏன் திட்டினார்கள்?
– வாசகர், பொன்னம்மாபேட்டை

என் அப்பா அம்மாபேட்டையில் சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு நாளிதழ். ஒரு தேர்தலில் எங்கள் சமூகத்துக்காரர் ஒருவர் கவுன்சிலராக ஜெயித்துவிட்டார். மறுநாளே அவர் படம் கண்ணாடிக்கு மேல் ஏறிவிட்டது. முருகனுக்கு வாங்கிய பூவில் பாதி அவருக்கும் போயிற்று. ஒரு நாள் சவரத்துக்கு உட்கார்ந்த ஜவுளி வியாபாரி ஒருவர், "உங்கள் ஆள் வந்தும் சாக்கடை அப்படியேதானே கிடக்கிறது?" என்றார். அப்பா கத்தியை மடக்கினார். "மிச்சத்தை வேறு கடையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் சோப்பு நுரையுமாக அந்த மனிதர் தெருவில் இறங்கி நடந்ததை, ஆறாம் வகுப்புப் பையனான நான் பார்த்தேன். அன்று இரவு சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து அதே கவுன்சிலரை அப்பா திட்டிய திட்டை அச்சில் ஏற்ற நம் ஆசிரியர் சம்மதிக்க மாட்டார். சாக்கடைக்காகத்தான்.

வெளியாள் முன்னால் விட்டுக்கொடுப்பதில்லை, வீட்டுக்குள் விட்டுவைப்பதில்லை. ஒபாமாவுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

முதலில், ஒரே மனதாக எல்லாம் இல்லை. 2007 முழுவதும், கட்சி வேட்பாளர் யார் என்ற போட்டியில், பெரிய கறுப்பினத் தலைவர்கள் பலர் ஹிலாரி கிளின்டன் பக்கம் நின்றார்கள். கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தில் மண்டை உடைபட்ட ஜான் லூயிஸே அங்கேதான் இருந்தார். வெள்ளையர் ஓட்டுப் போட மாட்டார்கள், நம் ஓட்டு வீணாகும் என்ற பயம். 2008 ஜனவரியில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையரான அயோவா மாநிலம் கட்சிக்குள் நடந்த அந்தப் போட்டியில் ஒபாமாவை ஜெயிக்க வைத்தது. அதன் பிறகுதான் நம்பிக்கை வந்தது. நவம்பர் அதிபர் தேர்தலில் கறுப்பின வாக்காளர்களில் நூற்றுக்கு 95 பேர் அவருக்குப் போட்டார்கள்.

இடையில் ஒரு சம்பவம். அந்த ஆண்டு ஜூனில் தந்தையர் தினத்தன்று சிகாகோ தேவாலயம் ஒன்றில் ஒபாமா பேசினார். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் கறுப்பினத் தந்தையரைக் கண்டித்தார். அவரே தந்தை விட்டுப்போன பிள்ளைதான். சபையில் கைதட்டினார்கள். பலருக்குக் கசந்தது வேறு விஷயம்: அடுக்களையில் சொல்ல வேண்டியதை நாடே பார்க்கும் கேமரா முன்னால் சொன்னார், அதுவும் தேர்தல் நேரத்தில். அடுத்த மாதம், இரண்டு முறை அதிபர் தேர்தலுக்கு முயன்ற மூத்தவர் ஜெஸ்ஸி ஜாக்சன், தொலைக்காட்சி அரங்கில் மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குமுறினார். ஒபாமா நம் மக்களைத் தாழ்த்திப் பேசுகிறார் என்றார். கூடவே அச்சில் ஏறாத வசை ஒன்று. மைக் அணையவில்லை. என் அப்பாவின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் யாரோ மைக் வைத்தது போலாயிற்று.

அதே ஜாக்சன், நவம்பர் 4 இரவு சிகாகோவின் கிராண்ட் பூங்காவில், கூட்டத்தோடு கூட்டமாக நின்று கண்ணீர் வழிய ஒபாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணீர் நடிப்பு என்றவர்களும் உண்டு. சோப்பு நுரை சம்பவத்தைப் பார்த்தவன் நான். எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

ஆட்சிக்கு வந்த பிறகு சாக்கடைக் கணக்கு தொடங்கியது. 2010-ல் கறுப்பினத்தவரிடையே வேலையின்மை 16 சதவீதத்தைத் தாண்டியது. அவர் பதவி விட்டபோது 8 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது உண்மை. ஆனால் வெள்ளையருக்கு ஒரு பங்கு என்றால் இவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு என்ற பழைய விகிதம் அசையவில்லை. ஃபிளிண்ட் நகரத்தில் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்தது. அங்கே பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். 2016 மே மாதம் அங்கே போன ஒபாமா வடிகட்டிய தண்ணீரைக் கேட்டு வாங்கி ஒரு வாய் பருகிக் காட்டினார். வடிகட்டி போட்டால் பயமில்லை என்று காட்டத்தான். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தைப் பார்த்த தாய்மார்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2009 மே மாதம் வெள்ளை மாளிகை ஊழியர் ஒருவரின் ஐந்து வயது மகன், உங்கள் முடியும் என் முடி மாதிரிதான் இருக்குமா என்று அதிபரிடம் மெல்லக் கேட்டான். தொட்டுப் பார் என்று ஒபாமா இடுப்பு வளையக் குனிந்தார். அப்போது எடுத்த படத்தில் பையனின் கை அவர் தலைமேல் இருக்கிறது. வெள்ளை மாளிகைச் சுவரில் மற்றப் படங்களை அடிக்கடி மாற்றுவார்கள். அந்தப் படம் மட்டும் வருடக்கணக்கில் நின்றது. ஆயுள் முழுக்க அடுத்தவர் தலையைத் தொட்டுப் பிழைத்தவர் என் அப்பா. அதைப் பார்க்காமலே போய்விட்டார்.

கேள்வி: எங்கள் ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு அப்படி உண்டா?
– வாசகி, நாகலூர்

கிடையாது. நம் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு இரண்டு: உங்களுடையதும், கொல்லிமலையைச் சேர்த்துக்கொண்ட சேந்தமங்கலமும். அங்கே சட்டப்படி ஒதுக்கீடு இல்லை. ஆனால் 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகு, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வரும்படி பல தொகுதிகளின் எல்லையை வரைந்தார்கள். அந்தக் கோடுகளைப் பற்றிய வழக்குகள் ஓய்ந்தபாடில்லை.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். நம் தனித் தொகுதிகளில், நிற்பவர்தான் ஒதுக்கீட்டுக்காரர், ஓட்டு எல்லோருக்கும். அங்கே அந்தத் தொகுதிகளில் கறுப்பினத்தவர் கையில்தான் தராசு. சிகாகோ தெற்குப் பகுதி நாடாளுமன்றத் தொகுதி ஒன்று 1928 முதல் கறுப்பினத்தவரையே தேர்ந்தெடுத்து வந்தது. 2000-ல் அங்கே போட்டியிடக் கட்சிக்குள் முயன்ற ஒபாமா, பாபி ரஷ் என்பவரிடம் மண்ணைக் கவ்வினார். ரஷ் கறுப்பினப் போராளிகளின் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தில் இருந்தவர். (1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயர் வைத்துக்கொண்டது இவர்களைப் பார்த்துத்தான், நம் ஊர்ச் சிறுத்தைகள் அந்த வழியில் வந்தவர்கள்.) ஒபாமாவுக்குக் கிடைத்ததைப் போல இரு மடங்கு ஓட்டு ரஷ்ஷுக்கு. ஹார்வர்டு படிப்பு, ஹவாய் வளர்ப்பு, வெள்ளைக்காரத் தாய்: நம் தெருக்காரர் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான்கே ஆண்டில் மாநிலம் முழுவதற்குமான செனட் தேர்தலில் அதே படிப்பும் அதே வளர்ப்பும் அவருக்கு மூலதனமாகி, 70 சதவீதம் வாங்கித் தந்தன. எதிர்த்து நின்றவரும் கறுப்பினத்தவர்தான் என்பது கொசுறு. மேலே போக வேண்டுமானால் தெருவுக்கு வெளியே ஓட்டு வாங்க வேண்டும். வாங்கியவர் இனி யாருடைய ஆள் என்று தெரு கேட்கும்.

கேள்வி: நிறம் ஒன்றாக இருந்தால் போதாதா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸைக் கேளுங்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954 வழக்கில் வாதாடிய தர்குட் மார்ஷல், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அவர் இடத்துக்கு 1991-ல் தாமஸ் வந்தார். தன்னிடம் வேலை பார்த்த கறுப்பினப் பெண்ணிடம் தகாத முறையில் பேசினார் என்ற புகார், தொலைக்காட்சியில் நேரடி விசாரணை. வெள்ளைக்கார செனட்டர்கள் ஒரு கறுப்பரைக் குடைவதைப் பார்த்த கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் அப்போது தாமஸ் பக்கம் நின்றார்கள். புகார் சொன்னவரும் தம்மில் ஒருவர்தான் என்பது அன்று எடுபடவில்லை. எனக்கு இன்றும் உறுத்துகிறது. செனட் வாக்கெடுப்பில் 52-க்கு 48 என்று தப்பினார். 2023-ல் கல்லூரிச் சேர்க்கையில் கறுப்பினத்தவருக்குக் கைகொடுக்க இனத்தைக் கணக்கில் எடுப்பதை நீதிமன்றம் ஒழித்தபோது ஆதரித்துத் தனித் தீர்ப்பே எழுதினார். இப்போது அவர் படம் எந்தச் சலூனில் தொங்கும்?

கேள்வி: சிறைக்குப் போனவரைத் திரும்பத் தேர்ந்தெடுப்பது நம் ஊரில் மட்டும்தானா?
– வாசகர், சூரமங்கலம்

வாஷிங்டன் மேயர் மேரியன் பாரி 1990-ல் போதைப்பொருளோடு பிடிபட்டுச் சிறைக்குப் போனார். 1994-ல் அதே ஊர் அவரை மறுபடி மேயராக்கியது. வெளியார் தலையில் அடித்துக்கொண்டார்கள். கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பள வேலை கொடுத்த திட்டம் அவருடையது. என் முதல் சம்பளம் அவர் கொடுத்தது என்று சொல்பவர்கள் அந்த ஊரில் ஏராளம். இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டானுக்குப் பாடம் நடத்த வேண்டுமா?

கேள்வி: கமலா ஹாரிஸ் நம் பெண்ணா, அவர்கள் பெண்ணா?
– வாசகி, அஸ்தம்பட்டி

அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் அபிஷேகம் செய்து பேனர் கட்டியவர்களைக் கேட்டால் ஒரு பதில். அவருடைய அம்மா ஷ்யாமளா மகள்களை அமெரிக்கா எப்படிப் பார்க்கும் என்று தெரிந்து கறுப்பினப் பெண்களாகவே வளர்த்தார். படித்தது கறுப்பினத்தவரின் புகழ்பெற்ற ஹோவர்டு பல்கலைக்கழகம். ஆகவே தாத்தா ஊரை வைத்து உரிமை கொண்டாடுவதை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கறுப்பினத்தவருக்கு அவர்மேல் இருந்த மனத்தாங்கல், அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தது. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர்மேல் வழக்குப் போட வழி செய்தார். இங்கே எனக்கும் ஒரு சொல் இருக்கிறது. ஏற்காட்டில் பதினோரு ஆண்டு வகுப்பெடுத்தேன். நவம்பரில் காபிப் பழம் சிவந்தால் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. வெள்ளைச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவோடு தோட்டத்தில் நிற்பார்கள். கோபம் வரும், சத்தம் போட்டிருக்கிறேன். அந்தத் தாயைக் கோர்ட்டில் நிறுத்த ஒரு நாளும் தோன்றியதில்லை. கூலி நாள் கணக்கு தெரிந்தவனுக்குத் தோன்றாது.

2024 ஜூலையில் டிரம்ப், இவர் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டத்திலேயே சொன்னார். அவ்வளவுதான், கத்தி மடங்கியது. நவம்பர் அதிபர் தேர்தலில் கறுப்பின வாக்காளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கமலாவுக்குப் போட்டார்கள். ஒபாமாவுக்குக் கிடைத்த 95 இல்லை; ஆண்கள் கொஞ்சம் நழுவினார்கள். அதற்கு முன்பே பிரசாரத்தின்போது ஒபாமா அந்த ஆண்களைக் கண்டித்தார். தந்தையர் தினப் பேச்சில் கற்ற பாடத்தை மறந்துவிட்டார் போலும்.

கேள்வி: அடிக்கடி எழுதுகிறீர்களே, உங்கள் அப்பாவின் சலூன் இப்போதும் இருக்கிறதா?
– வாசகர், குகை

இருக்கிறது, தம்பி நடத்துகிறான். தலைவர்கள் படம் எதுவும் இல்லை. கண்ணாடிக்கு மேல் இப்போது ஐரோப்பியக் கால்பந்து வீரர்கள், பாதிப் பேர் கறுப்பினத்தவர். காதுக்கு மேல் தோல் தெரிய மழித்து உச்சியில் மட்டும் முடி நிற்கிற வெட்டு. போன ஞாயிற்றுக்கிழமை பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் ஒருவரைக் காட்டி அப்படியே வேண்டும் என்றான். "அவருக்குச் சுருள் முடி, நிற்கிறது. உனக்குக் கோரை முடி, படுத்துக்கொள்ளும்" என்றான் தம்பி.

"பரவாயில்லை அண்ணா, வெட்டுங்கள்" என்று பையன் தலையைக் குனிந்துகொண்டான்.