கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. கந்தப்பளைப் பக்கம் காணி குத்தகைக்கு எடுத்து கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிறார். நான் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். 2021இல் உரம் கிடைக்காமல் போனதிலிருந்து கடன்தான். போன போகத்தில் மழைக்குக் கிழங்கும் கருகிவிட்டது. இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு இறங்குவதில்லை. எதற்கெடுத்தாலும் கோபம், பொழுது சாய்ந்தால் குடி. போன கிழமை, "நான் இல்லாட்டி நீங்க நிம்மதியா இருப்பீங்க" என்றார். சாக நினைக்கிறாரா என்று அவரிடம் நேராகக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்கிறார் மாமியார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "என்னை அங்கொடைக்கு (மனநல ஆஸ்பத்திரிக்கு) அனுப்பப் பார்க்கிறியா" என்று கத்துகிறார்.

பதில்: கேளுங்கள் சகோதரி. இன்றைக்கே கேளுங்கள்.

மாமியார் சொல்வது ஊரெல்லாம் சொல்வதுதான், ஆனால் அது சரியில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இருந்தால் வெளியே வரும், இல்லையென்றால் "என்ன பேச்சு இது" என்று திட்டுவார், அவ்வளவுதான். அவர் ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டார். மீதியைக் கேட்க ஆள் வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு சொல்லவில்லை. மலையகத்தில் நான் வேலை பார்த்த ஆரம்ப காலத்தில் ஒரு மரக்கறிக்காரர் மூன்று தடவை கெஸ்ட்ரைட்டிஸ் என்று வந்தார். மூன்று தடவையும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். நாலாவது தடவை மனைவியும் கூட வந்து, "இவரு இப்ப வீட்டுல படுக்கிறதில்ல ஐயா, காட்டுக் குடிசையில தனியா கெடக்குறாரு" என்றார். அப்போதுதான் கேட்டேன். அரை மணி நேரம் அழுதார். வயிற்றெரிச்சலை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதமும் அவர் எப்படித் தப்பினார் என்று இப்போது நினைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

எப்படிக் கேட்பது? லயத்தில் ஒரு சுவர் தள்ளிப் பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அதனால் காட்டுக்குப் போகிற வழியிலோ, தண்ணீர் பீலிப் பக்கமோ, அவர் குடிக்காத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். "நீங்க அன்னைக்குச் சொன்னது என் மனசுல கெடக்கு. செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இந்த அளவுக்கு நேராக. "அப்படியெல்லாம் நினைக்கலதானே?" என்று கேட்காதீர்கள். அதில் இல்லை என்கிற பதிலை நீங்களே வைத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆமாம் என்றால் அழுது சத்தியம் வாங்காதீர்கள், பிள்ளைகளைச் சொல்லிக் குற்றம் சுமத்தாதீர்கள். எப்போதிருந்து, எப்படிச் செய்வதாக நினைத்தார் என்று அமைதியாகக் கேட்டு, அவர் பேசி முடிக்கும்வரை கூட இருங்கள்.

வழியும் நேரமும் யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தாலோ, திடீரென்று கணக்கு வழக்கை ஒப்படைக்கத் தொடங்கினாலோ அன்றைக்கே வைத்தியசாலை. அதுவரை ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது. வண்டி இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அடுத்தது, பயிருக்கு அடிக்கிற மருந்து. கட்டிலுக்கடியிலோ குசினி மூலையிலோ வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நம் பக்கம் அதுதான் பழக்கம். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் எல்லாவற்றையும் உங்கள் அண்ணன் தம்பி யார் வீட்டிலாவது பூட்டி வையுங்கள், சாவி அங்கேயே இருக்கட்டும். தெளிக்கிற அன்றைக்குத் தேவையானதை அவர்களே கொண்டுவந்து கூட நின்று தெளித்துவிட்டு, மிச்சத்தைத் திரும்பக் கொண்டுபோகட்டும்.

"சாக நினைச்சவன் வேற வழி தேடமாட்டானா?" என்பார்கள். பெரும்பாலும் தேடுவதில்லை. 1995இல் இந்த நாட்டில் லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நடந்தது. அப்போது உலகத்திலேயே மிக அதிகமான நாடுகளில் நம் நாடும் ஒன்று. கடும் நஞ்சான பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, சுமார் இருபது வருடத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. கடனும் குடும்பச் சண்டையும் அதோடு இல்லாமல் போய்விடவில்லை. அந்த வேகம் பலருக்குச் சில நிமிடமோ சில மணி நேரமோதான் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் ஆள் பிழைத்துவிடுகிறார்.

தப்பித் தவறி ஏதாவது குடித்துவிட்டால், ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பொலிஸ் கேஸ் ஆகும் என்று மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998லேயே நீக்கப்பட்டுவிட்டது.

இனி அவருடைய வருத்தம் என்ன என்பது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் விடியுமுன் விழிப்பு, சாப்பாடு இறங்காமை, எரிச்சல், தான் பாரம் என்ற நினைப்பு எல்லாம் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் நாங்கள் மனச்சோர்வு என்றுதான் முதலில் யோசிப்போம். ஆண்களிடம் அது அழுகையாக வருவதைவிடக் கோபமாகவும் சாராயமாகவும் வருவது அதிகம். கடன் இருக்கிற எல்லோருக்கும் இது வருவதில்லை, கடன் தீர்ந்தால் தானாகப் போய்விடும் என்றும் இல்லை. அதனால் காசு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அங்கொடை என்ற பேச்சை விடுங்கள். இந்த வருத்தத்துக்குப் பெரும்பாலானோர் கிளினிக் வந்து மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு எந்த நாள் என்று விசாரியுங்கள். அவர் வர மறுத்தால் "தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, பிரஷர் பார்ப்போம்" என்று ஓபிடிக்குக் கூட்டிப் போங்கள். அதில் பொய் எதுவும் இல்லையே. உள்ளே போனதும் மூன்று மணி விழிப்பையும், அவர் சொன்ன அந்த வார்த்தையையும் நீங்கள் சொல்லிவிடுங்கள். டொக்டருக்குச் சிங்களம்தான் என்றால் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிடக் கேளுங்கள். மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அந்தப் பிள்ளை அதைக் கேட்க வேண்டாம்.

மாத்திரை தந்தால் வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு கிழமை ஆகும். "ஒரு கிழமை போட்டேன், ஒன்றும் இல்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். அடிமையாக்குகிற மாத்திரை இல்லை. முதல் சில கிழமை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சாராயம் அந்த மருந்தையும் கெடுக்கும், தூக்கத்தையும் கெடுக்கும். தினமும் அதிகம் குடிப்பவராக இருந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும்.

கடனைப் பற்றி நான் ஒன்றுதான் சொல்வேன். கிழமைக் காசு வாங்க வருகிறவர் முன்னால் அவரைத் தனியே நிற்க விடாதீர்கள். உரக்கடை, அடகு, லோன் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, உங்கள் அண்ணனோ தெரிந்த பெரியவரோ கூடப் போய்த் தவணை கேட்கட்டும். தலைக்குள் சுற்றுகிற தொகை எப்போதும் தாளில் இருப்பதைவிடப் பெரிதாகத்தான் தெரியும்.

இரவு நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 1333ம் இருக்கிறது. தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள். இரண்டு மாதமாக அவரோடு சேர்ந்து மூன்று மணிக்கு விழித்திருப்பது நீங்களும்தானே.