எழுதியவர் பேரைச் சொல்லுங்கள்

ஐயா,
விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். ஆர்.ஜே. ஆக ஆசை. ‘செல்போனிலேயே பாட்டு இருக்கும்போது ரேடியோவை யார் கேட்பார்கள்’ என்கிறார் அப்பா. அங்கிருந்து சினிமாவுக்குப் போக முடியுமா? என் குரல் பதிவை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகன், திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

சினிமாவுக்குப் போனவர்கள் உண்டு. ஆர்.ஜே. பாலாஜி இருக்கிறாரே. அதற்காக மட்டும் மைக் முன்னால் உட்காராதீர்கள். அகில இந்திய வானொலியில் எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைத்துத் தற்காலிக அறிவிப்பாளர்களை எடுப்பார்கள். டூட்டிக்கு இவ்வளவு என்றுதான் பணம். தனியார் எஃப்.எம்.மில் பெரும்பாலும் பாட்டுப் பட்டியல் கணினியில் முன்பே தயாராக இருக்கும். நடுவில் பேசும் லிங்க் மட்டும்தான் உங்களுடையது. அப்பாவை நீங்களே சமாளியுங்கள்.

பதிவைக் கேட்டேன். கனிவான குரல். ஆனால் ஒரு நிமிடத்தில் நான்கு ‘செம்ம’! படத்தின் பெயரும் கதாநாயகன் பெயரும் வந்தன. பாடியது யார், எழுதியது யார் என்று ஏன் சொல்லவில்லை?

1950களில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தது. அதன் பாட்டுச் சேவையான விவித்பாரதி வந்ததே 1957இல்தான். அந்த இடைவெளியில் நம் வீடுகளுக்குள் நுழைந்த இலங்கை வானொலி, பிறகு வெகுகாலம் போகவே இல்லை. எழுபதுகளில், தென்காசிப் பக்கம், எங்கள் அத்தை திண்ணையில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றுவாள். பக்கத்தில் டிரான்சிஸ்டர். படம், பாடியவர், எழுதியவர், இசை என்று அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்வார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அத்தை, இரண்டு வரி கேட்டதும் இது மருதகாசி, இது கண்ணதாசன் என்பாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த அறிவிப்புகள்தான். ஒருநாள் எழுதியவர் பேர் விட்டுப்போனது. நூல் சுற்றிய விரல் அப்படியே நின்றது. “எழுதினவரு பேரச் சொல்லாமப் போறானே!” என்றாள். அடுத்த பாட்டு முடியும்வரை முகம் தெளியவில்லை.

நேரம் தரமாட்டார்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள். பெயர் சொல்ல மூன்று விநாடி. இரண்டு ‘செம்ம’வை விட்டால் அது கிடைத்துவிடும். பாட்டை எழுதியவன் பேரைத் தெரிந்துகொள்ளக்கூட மெனக்கெடாதவருக்கு அந்தப் பாட்டை ஒலிபரப்ப என்ன உரிமை? கோபமாகத்தான் கேட்கிறேன். உங்கள் குரல் பிடித்திருப்பதால்தான் கேட்கிறேன்.

சரி, அதே பாட்டை வைத்து மறுபடி பதிவு செய்து அனுப்புங்கள். எழுதியவர் பேர் வரவில்லையென்றால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.