பசை அல்ல, கட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூட்டுகளைப் பற்றிய கட்டுரையில் புரோட்டியோகிளைக்கான்களை (சர்க்கரைச் சங்கிலி பிணைந்த புரதங்களை), தோலுக்கும் மூட்டுக்கும் உறுதி தரும் புரதமான "கொலாஜன் இழைகளை ஒட்டவைக்கும் பசை" என்று எழுதியிருந்தீர்கள். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். டெக்கோரின் என்ற புரோட்டியோகிளைக்கான் இல்லாமல் பிறந்த எலிகளில் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிட்டன என்று படித்தேன். பசை இல்லையென்றால் பிரிந்துதானே போக வேண்டும்? பருத்த பிறகும் அந்த எலிகளின் தோல் ஏன் எளிதில் கிழிகிறது? மாணவி ஒருத்தி கேட்டாள். விழித்தேன்.

ஒரு வாசகர், குலசேகரம்

அன்புள்ள நண்பருக்கு,

பசை என்று எழுதியது என் தவறு. டெக்கோரினின் வேலை அதற்கு நேர் எதிரானது.

ராஜாக்கமங்கலம் பக்கம் கயிறு முறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கதம்பையை (தேங்காய் மட்டையை) அழுகவைத்து, அடித்துத் தும்பாக்கி, ராட்டில் திரித்த மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கும்போது, மூன்று பள்ளம் வெட்டிய மரக்கட்டையை நடுவில் செருகிப் பிடித்தபடி ஒருவர் நடந்துவருவார். சிறுவயதில் அவர் சும்மா நடக்கிறார் என்றே நினைத்தேன். கட்டையை எடுத்துவிட்டால் புரிகள் தோன்றிய இடத்தில் பின்னிக்கொள்ளும். ஓரிடத்தில் முண்டு, அடுத்த சாணில் மெலிவு. பாரம் ஏறினால் மெலிந்த இடம்தான் முதலில் அறும்.

கொலாஜன் மூலக்கூறே ஒரு முப்புரிக் கயிறு என்பதை 1950களில் சென்னையில் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்தா என்ற அறிவியலாளர்கள் காட்டினார்கள். அதைப் பெருமையோடு சொல்கிறோம். அந்த மூலக்கூறுகள் இழையாகத் திரளும்போது "போதும்" என்று சொல்வது யார் என்பதைச் சொல்வதில்லை. சொல்பவர்களில் ஒன்று டெக்கோரின். வில்லாக வளைந்த சிறு புரதம், அதில் ஒற்றைச் சர்க்கரைச் சங்கிலி. கொலாஜன் இழையில் சுமார் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்பி வரும் வரிகளில் தனக்குரிய இடத்தில் புரதம் அமர்கிறது. சங்கிலி வெளியே நீண்டு பக்கத்து இழையை ஓர் இடைவெளியில் நிறுத்துகிறது. 1997இல் வெளியான அந்த எலி ஆய்வில் ஒரே இழையின் பருமனே இடத்துக்கு இடம் மாறியிருந்தது. குறுக்குவெட்டின் விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. கட்டை இல்லாத கயிறுபோல்தான்; அதனால்தான் தோல் கிழிகிறது. எனவே "பருத்தது" என்பதைவிட "ஒழுங்கு கெட்டது" என்று வகுப்பில் சொல்லுங்கள். கயிறு முடிந்ததும் கட்டையைக் கழற்றிவிடுவார்கள். டெக்கோரின் இழையிலேயே தங்கிவிடும். உவமை அதுவரைதான்.

எனக்கு இதைவிட வியப்பு கண். விழியின் வெள்ளைப் பகுதியும் முன்னாலிருக்கும் கண்ணாடி போன்ற கார்னியாவும் பெரும்பாலும் ஒரே வகைக் கொலாஜன்தான். வெள்ளைப் பகுதியில் இழைகள் மெல்லியதும் தடித்ததுமாகக் கலந்து கிடப்பதால் ஒளி சிதறுகிறது. கார்னியாவில் எல்லாம் 30 நானோமீட்டரை ஒட்டிய பருமன், சீரான இடைவெளி. ஒளி ஊடுருவிச் செல்கிறது. அங்கே காவல் லுமிகன், கெரட்டோகன் போன்ற புரோட்டியோகிளைக்கான்கள். லுமிகன் இல்லாத எலிகளுக்குக் கார்னியா மங்கிவிடுகிறது. இழைகளுக்கிடையே நீர் மிகுந்து இடைவெளி குலைந்தாலும் மங்கல்தான். குளச்சல் சந்தையில் மீனின் கண்ணைப் பார்த்து வாங்கும் எவரும் கார்னியா பால்போல் ஆவதைத்தான் பார்க்கிறார்கள்.

மூட்டில் மிகுதியாக இருக்கும் புரோட்டியோகிளைக்கான் அக்ரிகன். அது வேறு ரகம்: நூறு அளவில் சர்க்கரைச் சங்கிலிகளோடு நீரை இழுத்துவைத்து, நாம் படியேறும் அழுத்தத்தைத் தாங்குகிறது. அதற்கும் பசை என்ற சொல் பொருந்தாது. கட்டுரையில் அந்த வரியை எடுத்துவிட்டேன். மாணவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.