பத்திரத்தின் இரண்டாவது பத்தி

கேள்வி: என் கணவர் கொத்தனார், வயது 36. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பூச்சு வேலை பார்த்தார். தினக்கூலி 1,000 ரூபாய். மேஸ்திரி சனிக்கிழமைதோறும் ஜிபேயில் போடுவார். அவர் என் கணவரின் பெரியப்பா மகன். 2025 ஆகஸ்டில் ஒரு நாள் வேலை முடிந்து கீழே இறங்கியவர், கரண்டிப் பையை மறந்துவிட்டேன் என்று நான்காவது மாடிக்குத் திரும்பப் போயிருக்கிறார். மணி ஏழேகால். மாடியில் ஒரு பல்புகூட இல்லை. லிஃப்ட் குழியின் மேல் போட்டிருந்த ப்ளைவுட் உடைந்து கீழே விழுந்து இறந்துவிட்டார். மறுநாளே அங்கே தடுப்பு கட்டிவிட்டார்கள். பில்டர் சாவுக்கும் வரவில்லை, காரியத்துக்கும் வரவில்லை. குடித்திருந்தார் என்று வதந்தி பரப்புகிறார்கள். மேஸ்திரி போன் எடுப்பதில்லை. நாலு நாள் கழித்து அந்தக் கரண்டிப் பையை மட்டும் யாரிடமோ கொடுத்தனுப்பினார். இப்போது ஐந்து லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடு என்கிறார்கள். போலீஸும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. மாமியார் பாதி கேட்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர். பணத்தை வாங்கலாமா? அவர்களை ஜெயிலில் போட முடியாதா? (பத்திர நகலை இணைத்திருக்கிறேன்.)

பதில்: சகோதரி, பில்டர் துக்கத்துக்கு வராதது, மேஸ்திரி போன் எடுக்காதது, ஊர் பேசுவது எல்லாம் உங்களை எவ்வளவு வதைக்கும் என்று தெரிகிறது. ஆனால் இழப்பீட்டு வழக்கில் அவற்றுக்கு எடை கிடையாது. தடுப்பு இருந்ததா, பல்பு எரிந்ததா, யார் கவனக்குறைவு என்பதைக்கூட நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்ததா என்று மட்டும் பார்க்கும்.

உங்கள் வழக்கே அந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது. ஏழேகால் மணிக்கு அவர் ஏன் மேலே போனார்?

‘வேலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது’ என்பார்கள். முடியட்டும். கடைசி மணி அடித்த நொடியில் வேலை அறுந்துவிடுவதில்லை. வேலையிடத்துக்குள் வருவதும் வெளியேறுவதும் நியாயமான அளவுக்கு வேலையின் நீட்சிதான் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1958-லேயே ஏற்றுக்கொண்டது. மறுநாள் பூசுவதற்கு வேண்டிய கரண்டியையும் மட்டப்பலகையையும் எடுக்கப் போனவர் முதலாளியின் வேலைக்காகத்தான் போனார் என்று வாதாடலாம், ஜெயிக்கலாம். அதே மனிதர் சொந்த வேலையாகப் போனார் என்று பதிவானால், வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

இப்போது அவர்கள் நீட்டும் பத்திரத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய நகலை மூன்று முறை படித்தேன். முதல் பத்தி பெயர், முகவரி. மூன்றாவது பத்தி, ‘ஐந்து லட்சம் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்.’ ஊரில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். எனக்கு அதில் பயமில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்று பிரிவு 17 சொல்கிறது. இறப்பு வழக்கில் இழப்பீட்டை, இந்த வழக்குகளை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும், நேராகக் கையில் கொடுத்தது இழப்பீடாகவே ஆகாது என்று பிரிவு 8 சொல்கிறது. முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் அளவுக்குத்தான் நேரில் கொடுக்க இடமுண்டு.

பயம் இரண்டாவது பத்தியில் இருக்கிறது. ‘என் கணவர் வேலை நேரம் முடிந்த பிறகு, தன் சொந்த அலுவலாக, மது அருந்திய நிலையில் கட்டடத்துக்குள் சென்று, தன் அஜாக்கிரதையால் தவறி விழுந்தார். அவருக்கும் மேற்படி நிறுவனத்துக்கும் வேலைத் தொடர்பு ஏதுமில்லை.’ இது கதை மாதிரி எழுதியிருப்பதால் யாரும் நிறுத்திப் படிப்பதில்லை. ஆனால் ‘ஏன் மேலே போனார்’ என்ற ஒரே கேள்விக்கு, உங்கள் வாயாலேயே எதிராளிக்குப் பதில் எழுதிக் கொடுக்கும் பத்தி இதுதான். விடுதலை கொடுக்கும் மூன்றாவது பத்தியைச் சட்டம் குப்பையில் போடும். இரண்டாவது பத்தி நீங்கள் ஒப்புக்கொண்ட வாக்குமூலமாக ஆவணத்தில் நிற்கும்.

இதில் விழுந்த ஒரு பெண்ணுக்காக நான் வாதாடியிருக்கிறேன். மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றரை வருடம் கழித்து என்னிடம் வந்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டது மொத்தம் இரண்டே கேள்வி. ‘இது உங்கள் கையெழுத்தா?’ ‘ஆமாம்.’ ‘அன்றைக்கு உங்கள் கணவர் வேலைக்கே வரவில்லை என்று இதில் இருக்கிறதே?’ அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெயரை எழுத மட்டுமே கற்றவர். பத்திரத்தை யாரும் அவருக்குப் படித்துக் காட்டியதில்லை. மனு தள்ளுபடியானது. உயர் நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். பிரிவு 30-ன்படி மேல்முறையீட்டுக்கு முக்கியமான சட்டப் பிரச்சினை இருக்க வேண்டும். உண்மை எது என்பதில் ஆணையரிடம் தோற்றால், பெரும்பாலும் தோற்றதுதான். ஆகவே இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘அந்த வரியை அடித்துவிடுகிறோம்’ என்றாலும் போடாதீர்கள். மாமியாரையும் போடவிடாதீர்கள்.

மாமியார் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் விதவைத் தாய் என்றால், மகன் அவருக்குச் சோறு போட்டாரா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் சட்டப்படி சார்ந்திருப்பவர். பாதி கிடைக்காது, எவ்வளவு என்று ஆணையர் முடிவு செய்வார். அவரைத் தள்ளிவிட்டு மனுப் போட்டால், பில்டர் தரப்பு அடுத்த வாரமே அவர் வீட்டு வாசலில் நிற்கும், அதே இரண்டாவது பத்தியோடு. அவரையும் மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியைக் காப்பாற்ற நினைப்பதும் இதே மாதிரிப் பள்ளம்தான். ‘நம்ம அண்ணன், அவர்மேல் எப்படிக் கேஸ் போடுவது’ என்று அவரை விட்டுவிட்டுப் பில்டரை மட்டும் சேர்ப்பார்கள். பில்டர் வந்து ‘இந்த ஆளை எங்களுக்குத் தெரியாது’ என்பார். உங்கள் கணவருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே கண்ணி மேஸ்திரிதான். அவர் முதல் எதிர்மனுதாரர், பில்டர் இரண்டாவது. கட்டடம் கட்டி விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் வேலையை மேஸ்திரியிடம் விட்டாலும், பிரிவு 12-ன்படி நேரடி முதலாளியைப் போலவே பணம் தரக் கடமைப்பட்டது. மேஸ்திரியிடம் வசூலிப்பது அவர்கள் பாடு. இதை அண்ணனுக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் பில்டர் தலையில் ஏறும்; ஒளிந்துகொண்டால் முழுதும் தன் தலையில் விழும் என்று புரிந்தால் போன் எடுப்பார்.

குடி பற்றி ஒரு வார்த்தை. போதை, பாதுகாப்பு விதியை மீறியது என்ற சாக்குகள் காயத்தோடு உயிர் பிழைத்தவருக்கு எதிராகத்தான் செல்லும். இறப்பு வழக்கில் முதலாளி அவற்றைச் சொல்லித் தப்ப முடியாது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிக் களைத்துப் போகாதீர்கள்.

தொகையைப் பார்ப்போம். கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதில் பாதி 7,500. வயது 36-க்குச் சட்டத்தின் அட்டவணை தரும் காரணி 194.64. பெருக்கினால் 14,59,800 ரூபாய். இது பேரம் பேசும் தொகை இல்லை, அட்டவணைத் தொகை. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டத் தவறினால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி; உங்கள் கணக்கில் வருடத்துக்கு 1,75,000-க்கு மேல். நியாயமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. ஐந்து லட்சம் என்பது மூன்றில் ஒரு பங்கு என்பதை இப்போது நீங்களே பார்க்கலாம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது, பழைய சட்டம் போய்விட்டது என்று சொல்லி மிரட்டுவார்கள். விபத்து நடந்த நாளில் இருந்த சட்டப்படிதான் உங்கள் உரிமை. இரண்டு வருடத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். உங்கள் சொந்த மாவட்டத்துத் தொழிலாளர் துணை ஆணையரிடமே போடலாம். கணவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்திருந்தால் மட்டும் முதலில் சொல்லுங்கள், வழி வேறாகிவிடும்.

ஜெயில் பற்றிக் கேட்டீர்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1)-ல் ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு. முதல் தகவல் அறிக்கை யார் கொடுத்த புகாரின் பேரில், எந்தப் பிரிவில் பதிவானது என்று நகலை வாங்கிப் பாருங்கள். சைட் சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்து, குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 194-ன் கீழ் வெறும் இயற்கைக்கு மாறான மரணமாக மூடியிருந்தால், காவல் கண்காணிப்பாளருக்கு உங்கள் பெயரில் எழுத்துப் புகார் கொடுங்கள். அதற்கு மேல் உங்கள் மனத்தை அதில் கட்டிப்போடாதீர்கள். இரண்டு பிள்ளைகளோடு ஐந்தாறு வருடம் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அலைந்து, கடைசியில் சாட்சிகள் பிறழ்ந்து வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் குழியைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியாது. லிஃப்ட் கதவு பொருத்தும்வரை ஒவ்வொரு மாடியிலும் அந்த வாசலுக்கு ஆட்டாத தடுப்புக் கம்பி, கீழே பாதப்பலகை, இருட்டினால் ஒரு விளக்கு. ஐ.எஸ். 4912 என்று இதற்கென்றே இந்தியத் தர விதி இருக்கிறது. 1996-ம் வருடக் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் பாதுகாப்பை முதலாளியின் பொறுப்பாக வைத்தது. நடப்பது என்ன? உள்ளே பூசுவதற்கும் லிஃப்ட் தண்டவாளம் மாட்டுவதற்கும் தடுப்பை அவிழ்ப்பார்கள், திரும்பக் கட்டமாட்டார்கள். சில மாடிகளில் அந்த வாசல்தான் ராபிஷ், அதாவது கட்டடக் குப்பை, தள்ளும் வழி. குழியை மூட வேண்டுமென்று யாருக்காவது தோன்றினால், சென்ட்ரிங்கில் தண்ணீர் ஊறி உப்பிய ப்ளைவுட்டை மேலே போடுவார்கள். திறந்த குழியாவது கண்ணுக்குத் தெரியும். அந்தப் ப்ளைவுட் தரை மாதிரியே இருக்கும். நீங்கள் அனுப்பிய போட்டோவில், மறுநாள் கட்டிய தடுப்பில் பழைய கம்பிகள் துருப்பிடித்திருக்க, முடிச்சுப் போட்ட கட்டுக்கம்பி மட்டும் புதிதாய் மின்னுகிறது. ஒரு முழம் கட்டுக்கம்பியில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அந்தப் போட்டோ இழப்பீட்டுக்குத் தேவைப்படாது. போலீஸ் புகாரோடு இணையுங்கள், தேதி அழியாமல் போனிலேயே வைத்திருங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இந்த விபத்தை விசாரித்திருந்தால், அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். யாரிடம் வேலை பார்த்தார் என்பது அதில் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

அலட்சியத்துக்காகக் கோடிக்கணக்கில் சிவில் வழக்குப் போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். ஆணையரிடம் போனால் சிவில் வழக்கு போட முடியாது, சிவில் போனால் ஆணையரிடம் வர முடியாது. சிவிலில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை, போதாதற்கு வருடக்கணக்கு. உங்கள் நிலைமைக்கு அது ஆகாது.

சமரசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்யுங்கள் என்றே சொல்கிறேன், ஆனால் மனுவைப் போட்ட பிறகு. ஆணையர் முன்னால், அவர் பெயரில் எடுத்த டிடியாக, அசல் 14,59,800-ம் வந்தால் வட்டியிலும் அபராதத்திலும் தாராளமாக விட்டுக்கொடுங்கள். பில்டரிடம் தொழிலாளர் காப்பீட்டு பாலிசி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்ப்போம், பேச்சு சீக்கிரம் முடியும். பிள்ளைகள் பங்கு வங்கியில் வைப்புத்தொகையாகக் கிடக்கும், அதை யாரும் தொட முடியாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் விபத்து மரண உதவி தனி, அதற்கும் விண்ணப்பியுங்கள்.

வரும்போது ஜிபே பட்டியலை அச்செடுத்து வாருங்கள். சனிக்கிழமை சனிக்கிழமையாக மேஸ்திரி எண்ணிலிருந்து வந்த பணம்தான் உங்கள் சம்பளச் சீட்டு. அந்தக் கரண்டிப் பையையும் எடுத்து வாருங்கள். நான்காவது மாடியிலிருந்தோ குழிக்குள்ளிருந்தோ அதை எடுத்தவர் யாரோ, அவர்தான் நமக்கு முதல் சாட்சி. கொண்டுவந்து கொடுத்தவரிடம் இன்றைக்கே அந்தப் பெயரைக் கேளுங்கள். கரண்டியில் கலவை காய்ந்து ஒட்டியிருக்கும். கழுவிவிடாதீர்கள்.