கேமெம்லீக் மௌனமாக இருந்தால்

அன்புள்ள ஐயா,

எங்கள் லினக்ஸ் சர்வரில் நாங்களே எழுதிய ஒரு டிவைஸ் டிரைவர் ஓடுகிறது. நாளாக ஆக மெமரி குறைந்துகொண்டே வருகிறது. டாப் கட்டளையில் எந்தப் புராசஸும் பெரிதாகத் தெரியவில்லை. கெர்னலில் கசிவை, அதாவது வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் விடுவதை, தேடும் கருவியான கேமெம்லீக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் கெர்னலில் கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? வாரம் ஒருமுறை ரீபூட் செய்தால் போதும் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். கேமெம்லீக் செய்வது என்ன? கெர்னல் ஒதுக்கிய துண்டுகளின் முகவரிகளைக் குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு மெமரியைத் துழாவி, அந்த முகவரியைச் சுட்டும் பாயின்டர் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும். யாருமே சுட்டாத துண்டைத்தான் கசிவு என்று சொல்லும். உங்கள் டிரைவர் ஒன்றை லிஸ்டில் சேர்த்துவிட்டு எடுக்க மறந்திருந்தால் பாயின்டர் அங்கேயே இருக்கும்; அதன் கண்ணில் எல்லாம் சரிதான். ரெஃபரன்ஸ் கவுன்ட்டை (ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை) ஏற்றிவிட்டு இறக்காமல் விட்டதால் லிஸ்டிலேயே தங்கிவிட்ட பொருளுக்கும் இதே கதைதான். அல்லாக்_பேஜஸ் மூலம் நேரடியாக வாங்கிய பக்கங்களை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அதனால் எது வளர்கிறது என்பதை முதலில் பாருங்கள். மெமரிக் கணக்கைக் காட்டும் மெமின்ஃபோ கோப்பில் 'மெம்ஃப்ரீ' குறைவதைக் கண்டு பயப்பட வேண்டாம், படித்த கோப்புகளை மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷ் அதை எடுத்துக்கொள்ளும். 'மெம்அவெய்லபிள்' குறைகிறதா? கெர்னல் சிறு துண்டுகளை வைத்திருக்கும் ஸ்லாபில் திரும்பப் பெற முடியாத பங்கான 'எஸ்அன்ரிக்ளெய்ம்' ஏறுகிறதா? ஏறினால் ஸ்லாபை வரிவரியாகக் காட்டும் ஸ்லாப்டாப்பைத் திறந்து, எந்த வரியின் எண்ணிக்கை இறங்காமல் ஏறுகிறது என்று கவனியுங்கள். ஸ்லாபில் எதுவுமே வளரவில்லை என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் யார் வாங்கியது என்று குறித்துவைக்கும் பேஜ்_ஓனரை இயக்கிப் பாருங்கள்.

கேமல்லாக்-256 (256 பைட் துண்டுகளுக்கான பொது கேஷ்) மாதிரி ஒரு வரி ஏறுகிறது என்று வையுங்கள். அந்த அளவில் கேட்கும் கெர்னல் பகுதிகள் எல்லாம் அதைப் பகிர்ந்துகொள்வதால், பெயரை மட்டும் வைத்து யாரையும் பிடிக்க முடியாது. பூட் வரியில் அந்த கேஷுக்கு மட்டும் ஸ்லப்_டீபக்கை, வாங்கியவரைக் குறித்துவைக்கச் சொல்லும் யூ எழுத்தோடு கொடுங்கள். அப்புறம் டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் உள்விவரங்களைக் காட்டும் கோப்பகத்தில்) உள்ள அல்லாக்_டிரேசஸ் கோப்பு, எந்த ஃபங்ஷன் எத்தனை துண்டு வாங்கி வைத்திருக்கிறது என்று காட்டிவிடும். கெர்னல் 6.10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், மெமரி அலொகேஷன் புரொஃபைலிங்கோடு அதை பில்ட் செய்யுங்கள். அது தரும் அல்லாக்இன்ஃபோ பட்டியலில், மெமரி வாங்கிய கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்ந்தே கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. சிறிது இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டாலே போதும்.

ரீபூட் யோசனையை நான் ஏற்கவில்லை. புராசஸ் செத்தால் அதன் மெமரியைக் கெர்னல் திரும்ப வாங்கிக்கொள்ளும். கெர்னலே விட்ட துண்டை வாங்க யாரும் இல்லை. லோடு கூடும் நாளில் ஒரு வாரம் தாங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. எண்ணிக்கை ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏறுகிறதா, பிழை வரும்போது மட்டும் ஏறுகிறதா என்று பாருங்கள். பிழையின்போது மட்டும் என்றால், டிவைஸைத் தயார்செய்யும் புரோப் ஃபங்ஷனில், பிழை வந்தால் பாதியில் தாவிச் செல்லும் ஒவ்வொரு 'கோ டூ' (goto) லேபிளையும், அதற்கு முன் வாங்கியதெல்லாம் அங்கே விடுவிக்கப்படுகிறதா என்று வரிவரியாகப் படியுங்கள்.

அன்புடன்.